பதினாறு காலும் ஒரு கட்டைவிரலும்

தேதியைச் சரியாகச் சொல்லுகிறவன் மற்றக் காரியங்களிலும் சரியாகத்தான் இருப்பான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையால் ஆதாயம் அடைந்தவன் நான் ஒருவன். நஷ்டப்பட்டவர்கள் பலர்.

சங்கரன்கோவிலில் எந்தத் தெருவுக்கு எந்த வருஷம் தண்ணீர்க் குழாய் வந்தது, எந்த ஐப்பசி மழையில் பஸ் ஸ்டாண்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, யார் வீட்டு டி.வி.யில் முதன்முதலாக இலங்கைப் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது என்பதையெல்லாம் என்னிடம் வந்து கேட்பார்கள். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அவர்களே எனக்குச் சொல்லுவார்கள். அது என் கல்யாண நாள். 1986, ஆவணி மாதம். என் மச்சினர் அது புதன்கிழமை என்கிறார். இல்லை, வியாழக்கிழமை. இந்தக் கதை முழுவதிலும் எனக்குச் சாதகமான விவரம் இது ஒன்றுதான். ஆகவே இதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வினை நிச்சயதார்த்தப் பந்தியில் ஆரம்பித்தது.

பெண் வீடு புளியங்குடி. என் மாமனார் எலுமிச்சை மொத்த வியாபாரி. ஒரு பழத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே அதில் எத்தனை சாறு என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் என்னையும் அப்படித்தான் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுறவு பண்டகசாலை குமாஸ்தா என்ற வகையில் என்னிடம் சாறு அதிகம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிருக்க வேண்டும். நான் அவசரமாக, தபால் வழியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்திருப்பதையும், கல்யாண வாசலில் 'ஓடுகிற லைட்' போடப்போவதையும் சொன்னேன். ஒரு பல்பு எரிந்து அணைந்ததும் அடுத்தது எரியும். பார்ப்பதற்கு வெளிச்சமே ஓடுவதுபோல் இருக்கும்.

மாமனார் பாயசத்தை உறிஞ்சியபடி கேட்டார்: "ஓடும், சரி. ஓடுத லைட்டு திரும்பி வருமா மாப்ள?"

அவர் வேடிக்கைக்குக் கேட்டார். (பந்தியில் எல்லாரும் சிரித்ததிலேயே அது தெரிந்திருக்க வேண்டும்.) எனக்கு அது சவாலாகப் பட்டது.

"வரும் மாமா. நம்ம கல்யாணத்துல திரும்பி வரும்" என்றேன்.

ஓடுகிற லைட் வைத்திருந்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு வேலாயுதம் அண்ணாச்சி. பந்தல், சீரியல் பல்பு, வாழைமர வளைவு எல்லாம் அவர் கைவேலை. பல்புகளை ஓட்டுகிற பெட்டி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேக்குமரப் பெட்டிக்குள் ஒரு பலகை. பலகையின் நடுவில், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு கால்களுடன் ஒரு ஐ.சி. அந்த ஐ.சி.தான் எந்தப் பல்பு எப்போது எரிய வேண்டும் என்று உத்தரவு போடுகிற அதிகாரி. அதைப் பலகையில் பற்றவைத்திருக்கவில்லை. சாக்கெட் என்கிற சின்ன இருக்கை ஒன்றில் செருகி வைத்திருந்தது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு துளை. துளைக்குள்ளே மெல்லிய தகடு ஒன்று வில்போல நின்று, வருகிற காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனையோடு பெட்டியைத் தந்தார்.

"தம்பி, ஒங்க கல்யாணத்துக்கு மறுநாளு ராயகிரியில கோயில் கொடை. மொத தடவையா என்னைக் கூப்புட்டிருக்காவ. ஓடுத லைட்டுக்காவத்தான் கூப்புட்டிருக்காவ, எம் மூஞ்சிக்காவ இல்ல. பெட்டி போன மாதிரியே திரும்பி வரணும்."

"ஒரு ஒயரைக்கூட அறுக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். ஒயரை அறுக்கவே இல்லை.

என் திட்டம் அத்தனை நாகரிகமானது. ஐ.சி.யை மட்டும் சாக்கெட்டிலிருந்து கழற்றிப் பஞ்சில் வைத்து பத்திரப்படுத்துவது. அதன் இடத்தில், வெளிச்சத்தைப் போகவும் வரவும் வைக்கிற என் சொந்தச் சின்னப் பலகையைச் செருகுவது. கல்யாணம் முடிந்ததும் என் பலகையைப் பிடுங்கிவிட்டு ஐ.சி.யைத் திரும்ப வைத்துவிட்டால் பெட்டிக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். என் பலகை சாக்கெட்டில் உட்கார வேண்டுமானால் அதற்கும் அடியில் பதினாறு கால் வேண்டும். அதற்கென்றே 'பின்' என்கிற கம்பிக் கால்களை வரிசையாகக் கோத்து விற்பார்கள். வேண்டிய அளவுக்கு ஒடித்துக்கொள்ளலாம். அதை வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும்.

முகூர்த்தப் பட்டும், பெண்ணுக்குப் போடுகிற மோதிரமும் எடுக்க அம்மாவும் மதுரைக்கு வருவதாக இருந்தது. இரண்டு வேலையும் ஒரே பஸ்ஸில் முடியும் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குச் சாமான் வாங்குவதில் ஒரே ஒரு அளவுகோல்: காத்திரம். பட்டு என்றால் கையில் எடுத்தவுடன் தோள் இறங்க வேண்டும். பாத்திரம் என்றால் தட்டினால் கோயில் மணி கேட்க வேண்டும். மோதிரக் கடையில், பெண் வீட்டார் நூலில் முடிந்து அனுப்பிய விரல் அளவைத் தட்டான் எடுத்து நீட்டியபோது, "அதுக்கு மேல கொஞ்சம் பெருசாவே குடுங்க. கல்யாணம் ஆனா பிள்ளை சதை போடும்லா" என்று கனமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அந்தச் சூட்டோடு எலெக்ட்ரானிக் சாமான் கடைக்கும் என்னோடு ஏறிவிட்டாள்.

கடைக்காரர் இரண்டு வகைப் பின்னைக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று ஊசிபோல மெலிந்து உருண்டிருந்தது. இன்னொன்று சதுரமாக, தடியாக, பொன்முலாம் பூசி மின்னியது.

"எதுல செருகப் போறீங்க சார்?" என்று கேட்டார்.

'ஐ.சி. சாக்கெட்டில்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. ஆனால் 'சார்' என்று கூப்பிட்டுவிட்டாரே! நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்" என்றேன். அவர் என்னை எங்கோ ஆலையில் எஞ்சினியர் என்று நினைத்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேட்கவில்லை.

பையிலிருந்து ஸ்கேலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். சாக்கெட்டின் துளை இடைவெளியை முன்பே வரைந்து கொண்டுவந்திருந்தேன். இரண்டு வகையுமே மயிரிழை பிசகாமல் பொருந்தின. மறுபடி அளந்தேன். கடைக்காரர் கொட்டாவி விட்டார். என் வாழ்க்கையிலேயே அத்தனை துல்லியமாக நான் எதையும் அளந்ததில்லை. பின்னின் பருமனை மட்டும் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அம்மா மெலிந்த பின்னைச் சுண்டுவிரலால் நெருடிப் பார்த்தாள். "ஏலே சங்கரா, இது என்னல, முள்ளு மாதிரி இருக்கு? ரெண்டு நாளு வராது. அந்தா, அதைப் பாரு. காத்திரமா இருக்கு. மினுக்கமும் இருக்கு."

நான் நவீன விஞ்ஞானம் படித்தவன். ஆகவே அம்மா சொன்னதற்காக எடுக்கவில்லை. நானே சுயமாக யோசித்து, அம்மா சொன்னதையே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து தடிப் பின்களை என் பலகையில் பற்றவைத்து, அண்ணாச்சியின் சாக்கெட்டில் செருகினேன். போகவில்லை. அழுத்தினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். 'நறுக்' என்று ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கியது. எனக்கு மெய்சிலிர்த்தது. பிடி என்றால் இதுவல்லவா பிடி! பல்புகள் வாசலிலிருந்து கொல்லை வரை ஓடி, மாமனார் கேட்டபடியே திரும்பி வந்தன.

அதோடு விட்டிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை கொடுக்கவும் வாங்கவும் வந்தவர்களுக்கெல்லாம் பெட்டியைத் திறந்து காட்டினேன். "இங்கன பாருங்க, இது பழைய ஐ.சி. ஒரு பக்கந்தான் ஓடும். இது நான் செஞ்சது" என்று பிடுங்குவதும், திரும்ப நெட்டிச் செருகுவதுமாக இரண்டு வாரம். நாளாக நாளாகச் சுலபமாகச் செருக வந்தது. அதைக் கைப்பழக்கம் என்று நினைத்தேன். உள்ளே இருந்த வில்தகடுகள் ஒவ்வொன்றாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை தாலி கட்டி முடிந்தது. அதுவரை எந்தக் குறையும் இல்லை. சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. மேடையில் செண்பகமும் நானும் ஆளுக்கொரு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தோம். வாசல் வளைவில் வெளிச்சம் போய்ப் போய்த் திரும்பி வந்தது. புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகள் வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மாமனார் அவர்களிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

சமையல்கட்டில் யாரோ இட்லிமாவு கிரைண்டரைப் போட்டார்கள். மைக்செட் 'கொர்' என்றது. மண்டபத்து விளக்கெல்லாம் ஒருகணம் மங்கி, சட்டென்று பளீரென்று எரிந்தன. வளைவு மட்டும் எரியவில்லை.

மாலையோடு ஓடினேன். பெட்டி வளைவுக்குப் பின்னால் ஒரு தட்டி மறைவில் இருந்தது. திறந்தால், என் சொந்தப் பலகையிலிருந்து கருகிய வாடை வந்தது. பரவாயில்லை என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். ஒரு பக்கம் ஓடினாலும் ஓட்டம் ஓட்டம்தானே. இடுப்பில் பஞ்சோடு முடிந்து வைத்திருந்த பழைய ஐ.சி.யை எடுத்து சாக்கெட்டில் வைத்தேன்.

அது உள்ளே விழுந்தது. செருகவில்லை, விழுந்தது. கிழவனின் காலை வாலிபனின் செருப்புக்குள் விட்டமாதிரி எல்லாப் பக்கமும் ஆடியது. பெட்டியைச் சாய்த்தால் கையில் வந்துவிட்டது. தகரத்தகடு கனத்தில் இருந்த அந்த மெல்லிய கால்களைப் பிடிக்க உள்ளே யாரும் இல்லை. தடிப் பின்கள் எல்லாத் துளைகளையும் தங்களுக்கென்று அகலப்படுத்திவிட்டுப் போயிருந்தன.

பின்னாலிருந்து வேலாயுதம் அண்ணாச்சி குனிந்து பார்த்தார். "என்னவே இது? ஆடுது?"

"சின்ன லூஸ் அண்ணாச்சி."

"சின்ன லூஸா? யாருக்கு?" என்றார். பிறகு முகம் மாறிவிட்டது. "தம்பி, நாளைக்கி ராயகிரி."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியும்னு சொல்லுதீரு. நான் அங்கன போயி என்னத்தச் சொல்ல? மாப்பிள கெடுத்துப்போட்டாருன்னு சாமிகிட்டயா சொல்ல?"

ஐ.சி.யைக் கட்டைவிரலால் அழுத்தினேன். வளைவு எரிந்தது! வெளிச்சம் ஓடியது. விரலை எடுத்தேன், நின்றது. நேராக அழுத்தினாலும் போதாது. தெற்குப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து அழுத்த வேண்டும். அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தோம்; உருண்டு போனது. சந்தனக் கிண்ணத்தை வைத்தோம், எரியவில்லை. கனத்துக்குச் சாயத் தெரியவில்லை. அண்ணாச்சி தம் விரலை வைத்தார். தேங்காய் உரித்து உரித்துத் தடித்த விரல் அது. பல்புகள் காக்காய்க்கூட்டத்தில் கல் எறிந்தமாதிரி நாலா பக்கமும் சிதறி எரிந்தன.

"பேசாம நேரா கனெக்சன் குடுத்திருவோம். ஓடாம சும்மா எரியட்டும்" என்றார் அண்ணாச்சி. புத்திசாலித்தனமான யோசனை. வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள்.

"இல்ல அண்ணாச்சி. ஓடும்" என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு மரப்பலகையின் மேல் குந்தினேன்.

என் கல்யாண வரவேற்பை நான் அங்கிருந்துதான் கேட்டேன். பார்க்கவில்லை, கேட்டேன். இடையிடையே யாராவது பெரியவர்கள் வந்தால் அம்மா ஆள் விடுவாள். நான் மேடைக்கு ஓடி விழுந்து கும்பிடுவேன். அந்த நேரம் வளைவு அணைந்துவிடும். திரும்ப ஓடிப்போய் அழுத்துவேன், எரியும். சற்று நேரத்தில் சனங்கள் இதைக் கவனித்துவிட்டார்கள்.

"ஏட்டி, மாப்பிள மேடைக்கி வந்தா லைட்டு போயிருது, பாத்தியா?" என்று தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"ராசி அப்படி" என்றது இன்னொரு குரல். "போனாத்தான் வெளிச்சம்."

கடைசியில் மாமனாரே தட்டியை விலக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தார். கழுத்தில் மாலையும் நெற்றியில் வழிந்த சந்தனமுமாக, பெட்டிக்குள் ஒரு கையை விட்டுக் குந்தியிருந்த தம் ஒரே மருமகனைக் கண்டார்.

"என்ன மாப்ள, இங்கன ஒளிஞ்சிருக்கிய?"

"ஒளியல மாமா. லைட்டு ஓடுது."

"அது ஓடுது, பாத்தேன். திரும்பி வரக் காணுமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி விடுங்க" என்றார். "நீங்களாவது திரும்பி வருவியளா? பிள்ளை ஒத்தையில உக்காந்திருக்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை, மறுவீட்டுக்குப் புளியங்குடி புறப்பட்டோம். பொண்ணு மாப்பிள்ளை காரில் முன்சீட்டில் வேலாயுதம் அண்ணாச்சி, மடியில் பெட்டியோடு. "எப்படியும் ராயகிரிக்கு அந்த வழியாத்தான போவணும்? போற வழியில மாப்பிள சரிபண்ணித் தருவாரு" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். யாராலும் இறக்க முடியவில்லை. என் துணிப்பைக்குள் பட்டுச்சட்டைக்கு அடியில் பற்றவைக்கிற சூட்டுக்கோல் இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. புதுச் சாக்கெட் வாங்க மதுரைக்குப் போய்த் திரும்பினால் கொடை முடிந்துவிடும்.

செண்பகம் அதுவரை என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஜன்னலைப் பார்த்தபடி விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டு வந்தாள். மோதிரத்தின் அடிப்பக்கம் ஏதோ பழுப்பாகச் சுற்றியிருந்தது.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"மோதிரம் லொடலொடன்னு கழண்டு கழண்டு விழுந்துது. நேத்து மேடையில சும்மாதான இருந்தேன்? பேசத்தான் பக்கத்துல ஆளு இல்லயே. மாலையிலருந்து வாழநாரை உருவிச் சுத்திக்கிட்டேன். இப்பம் கப்புன்னு நிக்கி."

முன்சீட்டில் அண்ணாச்சி சிரிப்பை அடக்க இருமினார்.

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள். "அந்தப் பெட்டியில ஓட்டை பெருசாயிட்டுன்னு சொன்னாவளே. அதுக்கும் இப்படி எதையாவது சுத்த முடியாதா?"

"அது கரண்டு போற இடம். நாரு சுத்தினா எரியாது" என்றேன், தபால் கல்வியின் கம்பீரத்தோடு. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. நார் சுற்ற முடியாது. ஆனால் ஐ.சி.யின் கால்களில் ஈயம் பூசித் தடிமனாக்கலாமே!

புளியங்குடியில் இலை போட்டுக் காத்திருந்தார்கள். நான் இலையைத் தாண்டி நேராக மாமனாரின் எலுமிச்சைக் கொட்டடிக்குப் போனேன். அங்கேதான் ஒரு பிளக் இருந்தது. சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சூட்டுக்கோலைக் காய்ச்சி, ஐ.சி.யின் ஒவ்வொரு காலுக்கும் மெல்லியதாக ஈயம் பூசினேன். ஒன்றைப் பூசி, ஊதி, ஆறவைத்து அடுத்தது. அதிகம் சூடானால் ஐ.சி. செத்துவிடும். அது செத்தால் அண்ணாச்சிக்கு ராயகிரி இல்லை. அண்ணாச்சி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பவரைப்போல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வந்து எட்டிப்பார்த்தார். வாசல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "ஒண்ணுமில்ல, நம்ம மாப்ள ஈயம் பூசுதாவ. ஏட்டி, உள்ள கெடக்க பித்தள அண்டாவையும் எடுத்துட்டு வரச் சொல்லு, அப்படியே பூசிக்கிடலாம்."

கொட்டடி முழுக்கச் சிரிப்பு. நான் பதினாறாவது காலை முடித்து, ஐ.சி.யைச் சாக்கெட்டில் வைத்து அழுத்தினேன். உள்ளே இறங்கியது. பெட்டியைக் கவிழ்த்தேன், விழவில்லை. அண்ணாச்சி பையிலிருந்து ஒரு பல்புச்சரத்தை எடுத்து மாட்டினார். எலுமிச்சைச் சாக்குகளின் மேல் வெளிச்சம் ஓடியது. ஒரு பக்கமாக. யாருடைய கட்டைவிரலும் இல்லாமல்.

அண்ணாச்சி பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். செண்பகத்தைத் தேடிப்போய், "நல்லா இருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட நிற்காமல் ராயகிரி பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுவாரம் தெருவில் அவரைப் பார்த்தபோது பயந்துகொண்டே கேட்டேன். "ஓடிச்சா அண்ணாச்சி?"

"விடிய விடிய ஓடிச்சி. அடுத்த வருசத்துக்கும் சொல்லிட்டாவ" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒருத்தனும் திரும்பி வரலயேன்னு கேக்கல" என்றார்.

அடுத்த மாதம் மதுரைக்குப் போய் அவருக்குப் புதுச் சாக்கெட் வாங்கி வந்து மாற்றிக் கொடுத்தேன். கூடவே மெலிந்த உருண்டைப் பின் வரிசையும் வாங்கினேன். இந்தத் தடவை அம்மாவை அழைத்துப் போகவில்லை. கடைக்காரர் "எதுல செருகப் போறீங்க?" என்று கேட்பதற்கு முன்பே, "ஐ.சி. சாக்கெட்டில்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

புளியங்குடியில் இன்றுவரை எனக்கு 'ஈயமாப்பிள்ளை' என்றுதான் பெயர். வீட்டில் மிக்ஸி நின்றாலும் டார்ச் எரியாவிட்டாலும் செண்பகம், "கொஞ்சம் தெக்க சாச்சு அமுக்கிக்கிட்டு நில்லுங்க" என்பாள். அவள் விரலில் அந்த மோதிரம் இன்னமும் இருக்கிறது. அம்மா சொன்ன சதை எப்போதோ போட்டாகிவிட்டது. இப்போது நார் தேவையில்லை. அந்த ஒரு விஷயத்தில் அம்மாவின் கணக்கு சரி.

வரவேற்பு ஆல்பம் வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியே வரும். மேடையில் செண்பகம் தனியாக இருக்கிறாள், பக்கத்தில் காலிச் சிம்மாசனம். போட்டோக்காரர் வருவதற்குள் வளைவு அணைந்துவிட்டது; அதன்பிறகு நான் ஓடிவந்து கும்பிட்ட படங்களில் என் முதுகுதான் இருக்கிறது. போன மாதம் என் பேரன் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான். எல்லாப் பக்கத்தையும் தேடிவிட்டு, "தாத்தா எங்கன இருக்காவ?" என்று அவளிடம் கேட்டான்.

செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேடையின் ஓரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் தூரத்தில் தெரிந்த வாசல் வளைவைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினாள்.

"அந்தா லைட்டு எரியுதுல்லா? அதான் ஒங்க தாத்தா."